கம்பெனிக்கு இன்ட்ராநெட் போட்டா புது ஆட்களுக்கு நம்ம பழக்கம் பிடிபடுமா?

காத்தாடி_ஆபீஸ் (பாளையங்கோட்டை)

வணக்கம். காற்றாலை பராமரிக்கிற கம்பெனியில நிர்வாகம் பாக்கேன். தலைமை ஆபீஸ் பாளையங்கோட்டை. சைட் ஆபீஸ் ராதாபுரம், பணகுடி, கயத்தாறு. ஆள் சுமார் 180. கம்ப்யூட்டர் முன்னால உக்காருதவங்க 35 பேர் இருப்பாங்க, மீதி டெக்னீஷியன், டிரைவர், ஸ்டோர், செக்யூரிட்டி. மே மாசம் காத்து பிடிக்கதுக்குள்ள சர்வீஸ் முடியணும்னு பிப்ரவரியில ஒரு கூட்டம் புதுசா சேரும்.

இன்ட்ராநெட் (கம்பெனி ஆட்கள் மட்டும் பாக்கிற உள் வலைத்தளம்) போடணும்னு முதலாளி சொல்லிட்டாங்க. கொட்டேஷன் கொடுத்தவங்க காட்டுன மாதிரியில சேர்மன் செய்தி, கம்பெனி விழுமியங்கள், பிறந்தநாள் வாழ்த்து, போட்டோ ஆல்பம், எச்ஆர் பாலிசி பிடிஎஃப். அவ்வளவுதான். விதியெல்லாம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடயே கொடுத்துருதோம். புதுசா வாரவங்க தடுமாறுறது எழுதாத விஷயத்துல. காத்து கூடிருச்சுன்னு பாதியில இறங்குனா ஏசுவாங்களா? ஸ்டோர்ல அவசரமா சாமான் வேணும்னா யாருகிட்ட கேக்கணும்? சைட் இன்சார்ஜை சார்ங்கணுமா, அண்ணாச்சிங்கணுமா? ஊர்ல கோயில் கொடைன்னா லீவு எப்படிக் கேக்கணும்? இதெல்லாம் இன்ட்ராநெட்ல வருமா? எந்த சாஃப்ட்வேர்? தமிழ்ல வைக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேட்டை_எச்ஆர்

வரும். ஆனா விழுமியங்கள் பக்கத்தால வராது.

நிறுவனப் பண்பாட்டை எட்கர் ஷைன்ங்கிற நிர்வாகவியல் பேராசிரியர் மூணு அடுக்காப் பிரிச்சார். கண்ணுக்குத் தெரியறது மேல் அடுக்கு: உடுப்பு, கூப்பிடுற முறை, மீட்டிங் எப்படி நடக்குதுங்கிறது. அதுக்குக் கீழ நிறுவனம் தன்னைப் பத்தி வாயால சொல்லிக்கிறது. அடியில யாரும் கேள்வி கேக்காம நிஜம்னு எடுத்துக்கிட்ட நம்பிக்கைகள். கொட்டேஷன்ல வந்தது ரெண்டாவது அடுக்கு மட்டும். 'பாதுகாப்பே முதன்மை'ன்னு அங்க எழுதியிருக்கும். இறங்கி வந்த டெக்னீஷியன்கிட்ட 'இன்னைக்கு டார்கெட் என்னாச்சு'ன்னு ஒருத்தர் கேட்டா போதும், எது முதன்மைன்னு புது ஆள் புரிஞ்சுக்கிடுவான். மூணாவது அடுக்கை யாராலயும் உக்காந்து எழுத முடியாது. ஆனா முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டதுன்னு வரிசையாப் படிச்சா அதை ஊகிக்க முடியும். இன்ட்ராநெட்டோட பலம் அங்கதான்.

அதனால 'ஏன் இப்படி?'ன்னு ஒரு பகுதி வைங்க. ஒரு முடிவுக்கு ஒரு பக்கம். என்ன முடிவு, என்னைக்கு, எந்தப் பொறுப்புல உள்ளவர் எடுத்தார், வேற எதெல்லாம் யோசிச்சு விட்டாங்க, திரும்ப எப்ப பரிசீலிப்பாங்க. 300 சொல்லுக்கு மேல போகக்கூடாது. 'வேற எதை யோசிச்சு விட்டோம்'ங்கிற வரியைத்தான் எல்லாரும் வெட்டிருவாங்க. பண்பாடு அந்த வரியிலதான் இருக்கு. எதை விலையாக் கொடுத்து எதை வாங்குனோம்னு அதுதான் சொல்லும்.

நீங்க கேட்ட லீவையே எடுத்துக்கிடுங்க. 'விடுப்பு வழங்குவது மேலாளரின் முடிவுக்கு உட்பட்டது'ன்னு மட்டும் பாலிசியில இருந்தா, நல்லாப் பேசத் தெரிஞ்சவனுக்கு லீவு கிடைக்கும்னு புது ஆள் முடிவு கட்டிருவான். அதுவும் பண்பாடுதான், வேண்டாத பண்பாடு. பங்குனி உத்திரத்துக்கு நம்ம பக்கத்துல பாதிப்பேரு குடும்பத்தோட சாஸ்தா கோயிலுக்குப் போவாங்க, சர்வீஸ் மும்முரமா நடக்கிற நேரத்துல. அப்ப இன்ட்ராநெட் பக்கத்துல இப்படி இருக்கணும்: 'பங்குனி உத்திரத்துக்கு ஒவ்வொரு சைட்டிலும் பாதிக் குழு லீவு, பாதிக் குழு வேலை. போன வருஷம் வேலை பார்த்தவங்களுக்கு இந்த வருஷம் லீவு. பட்டியல் மாசி கடைசிக்குள்ள நோட்டீஸ் போர்டில் இருக்கும். குழு பிரிப்பது சைட் இன்சார்ஜ்.'

கொடை இன்னும் சிக்கல். ஆடிக் கொடைன்னா காத்து உச்சத்துல இருக்கும். கால்நாட்டு (பந்தக்கால் நடுறது) முடிஞ்ச பிறகு சொன்னா போதும்னு பையன்கள் நினைப்பாங்க, அப்ப கையில ஒரு வாரம்தான் இருக்கும், வேலைமுறைப் பட்டியல் அதுக்கு முன்னாலயே போட்டாச்சு. 'வரி பிரிக்கத் தொடங்கினதுமே சொல்லிருங்க, கால்நாட்டு வரை காத்திருக்க வேண்டாம்'னு ஒரே ஒரு வரி. இதைப் படிச்சா லீவு விதி மட்டுமில்ல, இந்தக் கம்பெனிக்கு நம்ம ஊர் வழக்கம் தெரியும்னும் சேர்த்துப் புரியும்.

கூப்பிடுற முறைக்கும் ஒரு பக்கம் போடுங்க, வெட்கப்படாதீங்க. 'சைட்டில் அண்ணாச்சி, தம்பி, அக்கா சரி. வாடிக்கையாளர் முன்னாலயும் ரேடியோவிலயும் சார், மேடம். பேரோட டேய் எங்கேயும் கிடையாது.' நாலு வரி போதும்.

முதல் நாள் அஞ்சு பக்கத்துக்கு மேல காட்டாதீங்க. யாரு என்ன, அவசரத்துல யாரை அழைக்கணும், வேலையை நிறுத்துற உரிமை, சம்பளம் வரும் நாள், சாப்பாடும் வண்டியும். முதல் வாரம் இன்னும் பத்து. மீதி 30 நாளுக்குள்ள. ஒவ்வொரு புது ஆளுக்கும் அதே சைட்ல பழைய ஆள் ஒருத்தரைத் துணைக்குப் போடணும். பக்கத்தைப் படிச்சுட்டு அவர்கிட்ட ஒரு கேள்வியாவது கேக்கணும்னு வைங்க. துணை ஆள் இல்லாம இன்ட்ராநெட்டை மட்டும் நம்புனா படிச்சதாக் கையெழுத்து வரும், பழக்கம் வராது.

தச்சநல்லூர்_சிஸ்டம்

சாஃப்ட்வேர் கேள்விக்கு வாறேன். உங்க அளவுக்கு மூணு வழி. ஏற்கனவே மைக்ரோசாஃப்ட் 365 வாங்கிருந்தா, உள் வலைத்தளம் போடுற ஷேர்பாயின்ட் பெரும்பாலும் அதுலயே இருக்கும். டெக்னீஷியன்களுக்கு முழு லைசென்ஸ் வேண்டாம், களப்பணியாளர் லைசென்ஸ்னு விலை குறைஞ்சது இருக்கு, அதைக் கேளுங்க. ஜோஹோ கனெக்ட்ல கையேடு, குழு, கருத்துப் பதிவு எல்லாம் சேந்தே வரும். மூணாவது புக்ஸ்டேக். இலவசம், திறந்த மூலம், பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் போட்ட சின்ன சர்வர்ல ஓடும். அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம்னு அடுக்கு இருக்கதால புரிய வைக்கது சுளுவு. யாரு எப்ப என்ன மாத்துனாங்கன்னு பழைய வடிவம் எல்லாம் நிக்கும். கூகுள் சைட்ஸ் வேண்டாம்னு சொல்லுவேன். அழகா வரும், ஆனா பக்கத்துக்கு அடியில கருத்து எழுத வழி இல்ல. ஒருவழிப் பாதையா ஆயிரும்.

லாகின்லதான் முக்காவாசி இன்ட்ராநெட் படுத்துருது. டிரைவருக்கும் செக்யூரிட்டிக்கும் கம்பெனி மெயில் இருக்காது. ஊழியர் எண்ணை வச்சே ஒரு மெயில் வடிவ ஐடி உருவாக்கிக் கொடுக்கலாம். அதுக்குப் பின்னால நிஜ மெயில் பெட்டி இல்லாததால 'பாஸ்வேர்டு மறந்துட்டேன்' பொத்தான் வேலை செய்யாது. ஒவ்வொரு சைட்லயும் ஒருத்தருக்கு ரீசெட் அதிகாரம் கொடுத்துருங்க, இல்லேன்னா எல்லாப் போனும் பாளையங்கோட்டைக்குத்தான் வரும். வேலையை விட்டுப் போறவங்க ஐடியை அன்னைக்கே மூடணும், அக்கவுன்ட்ஸ் செட்டில்மென்ட் ஃபாரத்துலயே அதுக்கு ஒரு கட்டம் போட்டுருங்க.

காற்றாலை டவர் பக்கம் போன் சிக்னல் தகராறு. 20 எம்பி பிடிஎஃப் அங்க திறக்காது. படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைச்சு 200 கேபிக்குள்ள வைங்க. வீடியோ ஒன்றரை நிமிஷத்துக்கு மேல வேண்டாம். சைட் ஆபீஸ் சுவத்துல கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டுனா பையன்கள் முகவரி அடிக்க வேண்டியதில்ல. ஸ்டிக்கர் நேரா அந்தப் பக்கத்துக்குப் போகணும், முகப்புக்குப் போகக்கூடாது. ஸ்டோர் கவுன்டர்ல ஒட்டுனது ஸ்டோர் பக்கம், வண்டி நிக்கிற இடத்துல ஒட்டுனது வண்டி பக்கம்.

தமிழ்ல தாராளமா வைங்க, தேடல்ல மட்டும் கவனம். நீங்க 'விடுப்பு'ன்னு எழுதியிருப்பீங்க, அவன் 'லீவு'ன்னு தேடுவான், இன்னொருத்தன் அதையே ஆங்கில எழுத்துல அடிப்பான். மூணையும் பக்கத்துக்கு டேகா போடுங்க. தமிழ்ல வேற்றுமை ஒட்டிக்கிறது இன்னொரு தொல்லை; 'ஸ்டோர்', 'ஸ்டோருக்கு', 'ஸ்டோர்ல' மூணும் தேடலுக்கு வேற வேற சொல். தலைப்புல எப்பவும் ஒட்டு இல்லாத சொல்லை வைங்க.

பழைய சர்க்குலர் எல்லாம் வானவில், பாமினி எழுத்துருவுல அடிச்சிருந்தா அப்படியே ஏத்தாதீங்க. கண்ணுக்குத் தமிழாத் தெரியும், உள்ள இருக்கது கண்டமேனிக்கு ஆங்கில எழுத்து, ஒண்ணும் தேடி எடுக்க முடியாது. யூனிகோடுக்கு மாத்தணும். மாத்துன பிறகும் ஒரு வில்லங்கம் இருக்கு. 'கொ' யூனிகோடுல ரெண்டு விதமா உக்காரும். ஒகரக் குறி ஒரே எழுத்தா இருக்கலாம், இல்லேன்னா ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியா இருக்கலாம். பாக்க ஒண்ணுபோல இருக்கும். தேடுனா 'கொடை' ஒரு பக்கத்துல கிடைக்கும், இன்னொரு பக்கத்துல கிடைக்காது. எழுத்து இயல்பாக்கம் பண்ணச் சொன்னா டெவலப்பருக்குத் தெரியும், என்எஃப்சின்னு சொல்லுங்க. 'ஔ' இடத்துல 'ஒ'வும் 'ள'வும் அடிச்சிருக்கதை மட்டும் அது சரி பண்ணாது, கையாலதான் திருத்தணும். ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்னா டெசராக்ட்ங்கிற மென்பொருள்ல தமிழ் ஓசிஆர் (படத்துல இருந்து எழுத்தைப் பிரிச்சு எடுக்கது) ஓடும், ஆனா அச்சுத்தாளுக்குத்தான் நல்லா வரும். கைப்பட எழுதுன நோட்டுக்கு முயற்சியே வேண்டாம், உக்காந்து அடிச்சிருங்க.

வள்ளியூர்_சேஃப்டி

மேல ரெண்டு பேரும் சொன்னது சரி. ஆனா உங்க தொழில்ல பண்பாடு எங்க வெளிப்படும்னா, நூலிழையில தப்பிச்ச விபத்துகளைப் பத்தின பதிவுல. வேற எந்தப் பக்கமும் இல்லாட்டியும் அதைப் போடுங்க. இப்படி இருக்கட்டும்:

'என்ன நடந்தது: நாசெல்லில் (டவர் உச்சியில் உள்ள இயந்திரப் பெட்டியில்) கியர் பாக்ஸ் பக்கம் வேலை. 24ஆம் நம்பர் ஸ்பேனர் கை நழுவி ஹாட்ச் வழியாகக் கீழே விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. ஏன்: டூல் கயிறு பையில் இருந்தது, மாட்டவில்லை. கொக்கி ஸ்பிரிங் தளர்ந்திருந்ததால் மாட்டினாலும் நிற்காது என்று விட்டிருக்கிறார்கள். அப்போது செய்தது: வேலையை நிறுத்தி இறங்கிவிட்டார்கள். மாற்றியது: எல்லாப் பையிலும் கொக்கி சோதனை, தளர்ந்ததை ஸ்டோரில் கொடுத்தால் இன்டென்ட் (சாமான் கேட்கும் சீட்டு) இல்லாமல் மாற்றிக் கொடுக்கப்படும். மேலாளர் பதில்: இறங்கியது சரி. அன்றைய தாமதத்தை வாடிக்கையாளரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.'

இதுல பேரு இல்ல கவனிங்க. குற்றவாளியைத் தேடுற வாசனை வந்தா மறுமாசத்துல இருந்து பதிவே வராது. பதிவு குறைஞ்சா பாதுகாப்பு கூடிருச்சுன்னு மேல உள்ளவங்க சந்தோசப்படுவாங்க, அதுதான் ஆபத்து. கடைசி ரெண்டு வரிதான் புது ஆளுக்குப் பாடம். கொக்கிக்கு இன்டென்ட் வேண்டாம்னு முடிவு பண்ணினவங்க பாதுகாப்பை நிஜமா நினைக்காங்கன்னு அவனுக்கே தெரியும்.

மேலாளர் பதில் மூணு வேலை நாளுக்குள்ள வரணும். பதில் இல்லாத பதிவு பத்து சேந்துச்சுன்னா, 'இங்க சொல்லி ஒண்ணும் நடக்காது'ன்னு இன்ட்ராநெட்டே கத்துக்கொடுத்துரும்.

காத்து வேக வரம்பை நீங்களா எழுதாதீங்க. ஒவ்வொரு மாடல் டர்பைனுக்கும் தயாரிப்பாளர் கையேட்டுல தனித்தனியா இருக்கும், ஏறுறதுக்கு ஒரு வரம்பு, ஹப்புக்குள்ள (இறக்கைகள் சேர்ற மையத்துக்குள்ள) வேலைக்கு வேற வரம்பு. எந்த மாடலுக்கு எதுன்னு அட்டவணை, அதுல கையேட்டுப் பக்க எண். அட்டவணைக்கு அடியில ஒரு வரி: 'வரம்புக்குள் இருந்தாலும் சரிப்படவில்லை என்று தோன்றினால் இறங்கலாம், காரணம் கேட்கப்படும், குறை சொல்லப்படாது.' அந்த வரியை முதலாளி ஒத்துக்கிடலைன்னா போடாதீங்க. எழுதிட்டு மாறா நடந்தா எழுதாம இருந்ததைவிட மோசம்.

காத்தாடி_ஆபீஸ்

எல்லாருக்கும் நன்றி. ஸ்பேனர் மாதிரியை அப்படியே எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. இன்னும் ரெண்டு சந்தேகம். பழைய ஃபோர்மேன்கள் மனசுல இருக்கதை எப்படி எழுத்துல கொண்டுவாறது? 'எழுதிக் கொடுங்க'ன்னா ஒரு பத்தி வருது, 'கவனமாக வேலை செய்ய வேண்டும்'னு. ரெண்டாவது, கருத்து எழுத விட்டா கம்பெனியையே ஏச ஆரம்பிச்சிருவாங்கன்னு மேல பயப்படுதாங்க. எல்லாருமே வாட்ஸ்அப் குரூப்ல இருக்காங்களே, இது எதுக்குன்னும் கேக்காங்க.

பேட்டை_எச்ஆர்

எழுதச் சொல்லாதீங்க, பேசச் சொல்லுங்க. 'உங்க அனுபவத்தைச் சொல்லுங்க'ன்னு கேட்டா பொதுவாத்தான் வரும். குறிப்பாக் கேளுங்க: புதுப் பையன் முதல் மாசத்துல எதைப் பண்ணினா உங்களுக்குக் கோவம் வரும்? விதியில இருந்தும் இங்க யாரும் செய்யாதது எது? விதியில இல்லாமலே எல்லாரும் செய்யறது எது? இன்சார்ஜ் இல்லாத நேரம் முடிவு எடுக்கணும்னா யாருக்குப் போன் போடுவீங்க? 20 நிமிஷம் ஒலிப்பதிவு பண்ணி வேற ஒருத்தர் எழுதணும், எழுதுனதை அவருக்கே வாசிச்சுக் காட்டணும். அவர் சொல்லுக்குப் பதிலா ஆபீஸ் தமிழ் ஏறிருச்சுன்னா வாசிக்கையிலயே சிரிப்பார், அந்த இடத்தைத் திருத்திக்கிடலாம். பக்கத்துல அவர் பேரு இருக்கட்டும். கேள்வி இருந்தா புது ஆள் நேரா அவர்கிட்ட போவான்.

'விதியில இருந்தும் யாரும் செய்யாதது' கேள்விக்கு வர்ற பதிலை உடனே ஏத்திராதீங்க. ஒண்ணு அந்த விதி தேவையில்லாம இருக்கும், இல்லேன்னா ஆபத்தான குறுக்கு வழி பழகியிருக்கும். முதல்ல எதுன்னு தீர்த்துட்டு அப்புறம் எழுதுங்க.

கருத்துப் பகுதிக்குப் பயப்பட வேண்டாம். பேரில்லாம எழுத விடாதீங்க, அவ்வளவுதான். பேரோட எழுதும்போது ஏச்சு வராது. முதல் மாசத்துல ஒண்ணுமே வராதுங்கிறதுதான் உங்களுக்கு வரப்போற பிரச்சினை. ஒரு சைட் இன்சார்ஜ் 'இது எனக்கும் புரியலை, கொஞ்சம் விளக்குங்க'ன்னு எழுதுனா மத்தவங்களுக்குத் தைரியம் வரும். யாராவது தப்பைச் சுட்டிக்காட்டுனா பக்கத்தைத் திருத்திட்டு, திருத்துனதையும் சுட்டிக்காட்டுனவர் பேரையும் அடியில போடுங்க. குறை, புகார் தனி வழி, அதை இங்க கலக்கக்கூடாது.

வாட்ஸ்அப் இன்னைக்குள்ள சங்கதிக்கு: வண்டி கிளம்பியாச்சு, மழை வருது, ஃபீடர் ட்ரிப் (மின் பாதை துண்டிப்பு). அங்க போட்ட முடிவு நாலு நாள்ல காலை வணக்கப் படங்களுக்கு அடியில போயிரும், அடுத்த பிப்ரவரியில சேர்றவன் கண்ணுல படவே படாது. முடிவு எதுவானாலும் பக்கமா எழுதிட்டு அதோட இணைப்பை மட்டும் குரூப்ல போடுங்க. இதை முதலாளியே செஞ்சாத்தான் மத்தவங்களுக்குப் பழகும். அவர் குரூப்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டு மத்தவங்களை இன்ட்ராநெட் பாக்கச் சொன்னா நடக்காது.

ஜங்ஷன்_கம்ப்ளையன்ஸ்

குறுக்கே வந்து சட்ட விஷயம் கொஞ்சம். வேலை இடத்துல பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013 சட்டத்தின்படி பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, அந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம். குழு அமைச்ச உத்தரவையும் தண்டனை விவரத்தையும் எல்லாரும் பாக்கிற இடத்துல வைக்கணும்னும் சட்டம் சொல்லுது. இன்ட்ராநெட்ல போடுங்க, ஆனா அது நோட்டீஸ் போர்டுக்கு மாற்றுன்னு நினைச்சுராதீங்க, ரெண்டுலயும் இருக்கணும். தலைவர் மூத்த பெண் ஊழியர், வெளி உறுப்பினர் ஒருத்தர், மொத்தத்துல பாதியாவது பெண்கள். புகார் மூணு மாசத்துக்குள்ள கொடுக்கணும், தகுந்த காரணம் இருந்தா குழு இன்னும் மூணு மாசம் நீட்டலாம். குழுவோட காலம் மூணு வருஷத்துக்கு மேல போகாது. பழைய உறுப்பினர் பேரே நிக்கிற பக்கம் நிறைய இடத்துல உண்டு.

விடுமுறைப் பக்கத்துல தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம் 1958 படியான பட்டியல் இருக்கட்டும்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோட அஞ்சு பண்டிகை நாள். அன்னைக்கு வேலை பாத்தா இரட்டைச் சம்பளம், இல்லேன்னா அன்றைய சம்பளமும் சம்பளத்தோட மாற்று விடுமுறையும். காத்துக் காலத்துல ஆகஸ்ட் 15 வந்துரும், இந்த வரியை மறைச்சு வைக்காதீங்க.

பிறந்தநாள் பட்டியல் போட்டா தேதியும் மாசமும் போதும், வருஷம் வேண்டாம். சொந்தப் போன் நம்பர், ரத்த வகை, மருத்துவ விவரம் எல்லாரும் பாக்கிற பக்கத்துல வேண்டவே வேண்டாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வந்தாச்சு. ரத்த வகை ஹெல்மெட்லயும் அடையாள அட்டையிலயும் இருக்கட்டும், அங்கதான் அது உதவும்.

தச்சநல்லூர்_சிஸ்டம்

விட்டுப்போனது ஒண்ணு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு உரிமையாளர், கடைசியாச் சரிபார்த்த தேதி, அடுத்த தேதி. ஆறு மாசம் தாண்டுனா பக்கத்து மேல மஞ்சள் பட்டை வரட்டும். சம்பளத் தேதியோ போன் நம்பரோ ஒரு இடத்துல பழசா இருந்தா, மொத்த இன்ட்ராநெட்டையும் ஒருத்தனும் நம்ப மாட்டான். 25, 30 பக்கத்தோட தொடங்குங்க. 200 பக்கம் ஏத்திட்டுப் பராமரிக்க ஆள் தேடாதீங்க.

எத்தனை பேர் பாத்தாங்கங்கிற கணக்கை ரொம்ப நம்பாதீங்க, முகப்புப் பக்கம் தானாத் திறந்தாலே அது ஏறும். மாசம் ஒரு தடவை, தேடி ஒண்ணும் கிடைக்காத சொற்களோட பட்டியலை எடுங்க. உங்க சாஃப்ட்வேர் அதைத் தரலைன்னா சர்வர் பதிவுல இருந்து எடுக்கலாம். 'ஷூ எப்ப தருவாங்க'ன்னு பல பேர் தேடியிருந்தா அடுத்த பக்கம் அதுதான்.

புக்ஸ்டேக் போட்டீங்கன்னா பேக்கப்ல டேட்டாபேஸ், ஏத்துன படங்கள் இருக்கிற ஃபோல்டர்கள், செட்டிங் கோப்பு மூணும் வேணும். டேட்டாபேஸை மட்டும் எடுத்து வச்சா படம் எல்லாம் போயிரும். மூணு மாசத்துக்கு ஒருக்கா வேற ஒரு கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. மே மாசத்துக்கு முன்னால ஒரு தடவை கட்டாயம், அதுக்கப்புறம் யாருக்கும் நேரம் இருக்காது.